வாய்ப்புற்றுத் திசுவிலிருந்து உயிருள்ள செல்களைப் பிரிப்பது: கிடைப்பதெல்லாம் செத்த செல்லும் ஃபைப்ரோபிளாஸ்டும்தான், எங்கே தவறுகிறது?

அல்லி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கன்னத்தின் உட்சவ்வில் வரும் புற்றுக்கட்டியிலிருந்து ப்ரைமரி கல்ச்சர் (திசுவிலிருந்து நேரடியாக எடுத்த செல்லை வளர்ப்பது) போட முயன்றுகொண்டிருக்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வில் பாதி இதை நம்பித்தான் இருக்கிறது.

செய்முறை இதுதான். அறுவை அரங்கிலிருந்து திசு வந்ததும் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவுகிறேன். கத்தரியால் நறுக்கி, கொலாஜனைக் கரைக்கும் என்சைமான கொலாஜினேஸ் டைப் ஒன்றை மி.லி.க்கு 1 மி.கி. வீதம் பிபிஎஸ்ஸில் கரைத்து ஊற்றி, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க ஷேக்கரில் விடுகிறேன். காலையில் பார்த்தால் பாதித் துண்டுகள் கரையாமல் அப்படியே கிடக்கின்றன. திரவம் கொழகொழவென்று நூல் இழுக்கிறது. 70 மைக்ரான் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. செத்த செல்லை நீலமாக்கும் ட்ரைபான் ப்ளூ போட்டால் பாதிக்கு மேல் நீலம்.

மீதியைத் தட்டில் போட்டால் சில நாளில் ஈஸ்ட் வந்துவிடுகிறது. அதற்குத் தப்பினால், முதல் வாரம் எபிதீலியல் (மேற்சவ்வுச் செல்) தீவுகள் தெரிகின்றன. பிறகு அவற்றைச் சுற்றி நீளநீளமாக ஃபைப்ரோபிளாஸ்ட் (நார்த்திசுச் செல்) வளர்ந்து, தீவுகள் இருந்த இடமே தெரியாமல் போகிறது.

டைப் நான்கு வாங்கச் சொல்கிறார்கள். அது மட்டும் போதுமா? எவ்வளவு நேரம் வைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

மருதன்

அல்லி, டைப் நான்கு வாங்குவதற்கு முன் அந்த பிபிஎஸ்ஸை மாற்றுங்கள். கொலாஜினேஸுக்குக் கால்சியம் வேண்டும். அது இல்லாமல் என்சைம் வேலை செய்யாது. ஆய்வகத்தில் வழக்கமாக ஆட்டோகிளேவ் செய்து வைத்திருக்கும் பிபிஎஸ்ஸில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. இரண்டும் உள்ள ஹாங்க்ஸ் கரைசலிலோ, சீரம் சேர்க்காத டிஎம்இஎம்-எஃப்12 கலவையிலோ கரையுங்கள். கழுவும் கட்டத்தில் எங்காவது இடிடிஏ சேர்ந்திருந்தால் அதை மிச்சமில்லாமல் கழுவி எடுங்கள். இருக்கிற கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

நூல் இழுக்கிறது என்றீர்களே, அது செத்த செல்கள் உடைந்து வெளிவந்த டிஎன்ஏ. உயிரோடு இருக்கிற செல்களும் அதில் ஒட்டிக்கொண்டு வடிகட்டியின் மேலேயே நின்றுவிடும். உங்களுக்கு வேண்டிய செல்கள் வடிகட்டியோடு குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். டிஎன்ஏவை வெட்டும் என்சைமான டிஎன்ஏஸ்-1, மி.லி.க்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் சேருங்கள். அதற்கு மக்னீசியம் தேவை, ஆகவே மறுபடியும் பிபிஎஸ் ஆகாது.

அடுத்தது அளவு. மி.கி. கணக்கில் எழுதாதீர்கள், யூனிட்டில் எழுதுங்கள். கொலாஜினேஸ் என்று புட்டியில் வருவது ஒரே என்சைம் அல்ல. க்ளாஸ்ட்ரிடியம் ஹிஸ்டோலிட்டிகம் என்ற பாக்டீரியாவின் கல்ச்சரிலிருந்து எடுத்த கச்சாக் கலவை. க்ளாஸ்ட்ரிபைன், நடுநிலை ப்ரோட்டியேஸ், கொஞ்சம் ட்ரிப்சின் வகைச் செயல்பாடு எல்லாம் அதில் உண்டு. இவற்றின் விகிதம் லாட்டுக்கு லாட் மாறும். போன லாட்டில் ஒரு மில்லிகிராம் செய்த வேலையைப் புது லாட் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. மி.லி.க்கு 200 முதல் 300 யூனிட் கொலாஜினேஸும் 100 யூனிட் ஹயலூரானிடேஸும் (செல்களுக்கு இடையிலுள்ள ஹயலூரானிக் அமிலத்தைக் கரைக்கும் என்சைம்) நல்ல தொடக்கம். டைப் நான்கில் ட்ரிப்சின் வகைச் செயல்பாடு குறைவு என்பதால் செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் அதிகம் பிழைக்கும். அந்த வகையில் அது நல்லதுதான். ஆனால் உங்கள் சிக்கலின் வேர் அங்கே இல்லை.

நேரம்தான் மிக முக்கியம். முதல் அரைமணியில் வெளிவந்த செல், கடைசித் துண்டு கரையும் வரை என்சைமிலேயே கிடந்து சாக வேண்டிய அவசியம் என்ன? அரைமணிக்கு ஒருமுறை குழாயை வெளியே எடுங்கள். அகலவாய் பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். துண்டுகள் அடியில் படிந்ததும் மேலே நிற்கும் திரவத்தை மட்டும் எடுத்து, பத்து சதவீத சீரம் கலந்த குளிர்ந்த மீடியத்தில் விட்டு ஐஸில் வையுங்கள். மிச்சத் துண்டுக்குப் புது என்சைம் ஊற்றுங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக எண்ணினால் எந்தச் சுற்றில் நல்ல செல் வருகிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

வெற்றிலைபாக்கு, குட்கா பழக்கத்தால் வாய்ச்சவ்வு நார்ப்பிடித்துப் போனவர்களின் திசுவில் கொலாஜன் அடர்த்தி மிக அதிகம். அதற்கு இன்னும் ஓரிரு சுற்று ஆகும். எல்லா நோயாளியின் திசுவுக்கும் ஒரே மணிக்கணக்கு வைக்க முடியாது.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒற்றைச் செல்லாக உடைக்காதீர்கள். எபிதீலியல் செல் அக்கம்பக்கத்துச் செல்லோடும் அடித்தளத்தோடும் ஒட்டியிருக்கும்போதுதான் பிழைக்கும். தனியாகப் பிரித்தால் தானே தன்னை அழித்துக்கொள்ளும். பத்து இருபது செல் சேர்ந்த கொத்துகள்தான் உங்களுக்கு வேண்டியவை. 40 மைக்ரான் வலையின் மேல் தங்குவதைக் கொட்டிவிடாமல் வலையைத் திருப்பிப் பிடித்துக் கழுவி எடுங்கள். ஒசாகா குழுவினர் 2011இல் வெளியிட்ட முறையே இதுதான். பெருங்குடல் புற்றுத் திசுவை அரைகுறையாகக் கரைத்து, வலையில் தங்கிய கொத்துகளை மட்டும் வளர்த்தார்கள்.

---

நோயியல்மேசை

மருதன் சார் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் திசு அல்லியின் கைக்கு வரும் முன்பே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. அதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

எங்கிருந்து வெட்டினார்கள்? பெரிய கட்டியின் நடுப்பகுதி ரத்த ஓட்டம் போதாமல் ஏற்கெனவே செத்திருக்கும். வெளுத்து, உதிரியாக இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். வளரும் விளிம்புதான் நல்லது. அந்த விளிம்பையும் மின்சூட்டுக் கத்தியால் வெட்டியிருந்தால் ஓரம் கருகியிருக்கும். அறுவை மருத்துவரிடம் முன்னதாகவே பேசி, ஆய்வுக்கான துண்டைச் சாதாரண பிளேடால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், பலரும் கேட்பதில்லை.

எதில் வந்தது? சலைன் நனைத்த காஸில் சுற்றி, அறை வெப்பத்தில், அலுவலர் கொண்டு வரும்வரை மேசையில் கிடந்தது என்றால் எந்த என்சைமாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஆன்டிபயாடிக் கலந்த குளிர்ந்த மீடியம் உள்ள குழாயை அரங்குக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வெட்டியதும் நேரே அதில், குழாய் ஐஸில். சில மணி நேரத்துக்குள் ஹூடுக்கு (கிருமி புகாத வேலைப்பெட்டி) வந்துவிட வேண்டும். ஃபார்மலின் டப்பா வைத்திருக்கும் மேசையில் அந்தக் குழாயைத் திறக்கவே கூடாது.

இதை அழுத்திச் சொல்கிறேன்: நோயறிதலுக்கான திசுவிலிருந்து ஆய்வுக்காக நீங்களே வெட்டி எடுக்காதீர்கள். எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது, விளிம்பில் புற்று இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அந்த மனிதருக்குக் கதிர்வீச்சு வேண்டுமா என்று முடிவாகிறது. நோயியல் மருத்துவர் பார்த்து, இதில் எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டும் இடத்தில்தான் உங்கள் துண்டு. அப்படி எடுத்ததிலும் ஒரு சிறு பகுதியைப் பிளாக் (மெழுகில் பதித்த நோயியல் மாதிரி) போடக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கரைத்தது உண்மையில் புற்றா, பக்கத்தில் இருந்த நல்ல சவ்வா என்று பின்னால் பார்க்க வேறு வழி கிடையாது.

ஈஸ்ட் வருவதில் வியப்பில்லை, வாய் கிருமிகளின் வீடு. பென்-ஸ்ட்ரெப் (பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவை) வழக்கத்தைவிட ஐந்து மடங்கு, ஜென்டாமைசின் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம், பூஞ்சைக்கு எதிரான ஆம்ஃபோடெரிசின் பி 2.5 மைக்ரோகிராம் சேர்த்த கரைசலில் பல முறை கழுவுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் தட்டில். கல்ச்சர் சுத்தமாக நின்றதும் ஆம்ஃபோடெரிசினை நிறுத்திவிடுங்கள். அது செல்லுக்கும் நல்லதல்ல.

ஹெபடைடிஸ் பி, ஹெச்ஐவி இருக்கலாம் என்று எண்ணித்தான் ஒவ்வொரு திசுவையும் தொட வேண்டும். இரண்டாம் வகுப்புப் பாதுகாப்பு ஹூட், இரட்டைக் கையுறை. கூரான பிளேடு இரண்டை வைத்து நறுக்குகிற வேலை இது. அவசரமே கூடாது.

---

நெய்தல்

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். வாய்ப்புற்றில் கிடைப்பது பெரும்பாலும் மொச்சைக்கொட்டை அளவுத் துண்டுதான். அதை என்சைமில் போட்டு, வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் ஒவ்வொரு படியிலும் இழப்பு. எங்கள் ஆய்வகத்தில் சின்ன பயாப்சிக்கு எக்ஸ்பிளான்ட் மட்டும்தான், அதாவது கரைக்காமல் துண்டையே வளர்ப்பது. ஒரு மில்லிமீட்டர் துண்டாக்கி, தட்டின் அடியைப் பிளேடால் லேசாகக் கீறி, அதன்மேல் ஊன்றுவோம். மீடியம் நனைகிற அளவுக்கு மட்டும். நிறைய ஊற்றினால் துண்டு மிதந்துவிடும். பிறகு தட்டை இரண்டு மூன்று நாள் அசைக்கவே மாட்டோம்.

பெயர்பெற்ற செல் வரிசைகள் (தலைமுறை தலைமுறையாகத் தட்டில் வளர்க்கப்படும் செல்கள்) பல என்சைமே இல்லாமல் வந்தவை. 1951இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜ் கை ஆய்வகத்தில் ஹீலா என்ற கர்ப்பப்பை வாய்ப்புற்றுச் செல் வரிசை வளர்ந்தது கோழி ரத்தப் பிளாஸ்மா உறைவில் பதித்த சிறு துண்டிலிருந்து, உருளும் குழாயில். 1958இல் லாஸ்ஃபார்கும் ஒசெல்லோவும் பிடி-20 என்ற மார்பகப் புற்று வரிசையை எடுத்தது இன்னும் எளிமை. கட்டியை மெல்லிய சீவல்களாக வெட்டும்போது தானாக உதிர்ந்த செல்களை அப்படியே வளர்த்தார்கள். புற்றுச் செல் பல சமயம் பிடிப்புத் தளர்ந்துதான் இருக்கும், நார்த்திசுச் செல் உதிராது. அல்லி, நறுக்கும்போது தட்டில் கலங்கலாக வருகிற திரவத்தை உறிஞ்சி எறியாதீர்கள், அதைத் தனியாக ஒரு கிணற்றில் (கல்ச்சர் தட்டின் குழி) போட்டுப் பாருங்கள்.

---

சுடர்

எதற்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து முறை மாறும். நான் செய்வது கல்ச்சர் இல்லை, ஒற்றைச் செல் ஆர்என்ஏ வரிசைப்படுத்தல், அதாவது ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு வேலை செய்கிறது என்று படிப்பது. 37 டிகிரியில் கொலாஜினேஸில் கிடக்கும் செல், தன் மரபணு வெளிப்பாட்டையே மாற்றிக்கொள்ளும். ஃபாஸ், ஜூன் போன்ற அழுத்த மரபணுக்கள் எகிறும், அதைக் கட்டியின் இயல்பு என்று நினைத்து ஏமாந்துபோகலாம். குளிரில் வேலை செய்யும் பாசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் ப்ரோட்டியேஸை வைத்து 6 டிகிரியில் கரைத்தால் இது வெகுவாகக் குறைகிறது என்று 2019இல் ஒரு குழு கட்டித் திசுவிலேயே காட்டியது. கல்ச்சருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை, செல் ஒட்டி வளர்ந்தபின் நிலைமை வேறு. ஆனால் பிரித்த அன்றே ஏதாவது அளக்கப்போகிறீர்கள் என்றால் யோசியுங்கள்.

ட்ரைபான் ப்ளூவையும் முழுக்க நம்பாதீர்கள். சவ்வு கிழிந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். சாகத் தொடங்கிவிட்ட செல்லும் சில மணி நேரம் நிறமேறாமல் பளிச்சென்றிருக்கும். மறுநாள் எத்தனை ஒட்டியிருக்கிறது என்பதே உண்மையான கணக்கு.

---

அல்லி

பிபிஎஸ் விஷயத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி, மருதன் சார். நோயியல்மேசை மேடம், அறுவை மருத்துவரிடம் பேசிவிட்டேன், பிளேடால் எடுத்துத் தருகிறேன் என்றார்.

ஃபைப்ரோபிளாஸ்டை என்ன செய்வது?

---

மருதன்

சீரத்தைக் குறையுங்கள். சீரம் இருக்கும்வரை ஃபைப்ரோபிளாஸ்ட்தான் ஜெயிக்கும்.

பிரித்த அன்றே ஒரு வேலை செய்யலாம். செல்களை முதலில் ஒரு தட்டில் ஊற்றி அரைமணி இன்குபேட்டரில் வைத்தால் ஃபைப்ரோபிளாஸ்ட் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிதப்பதை இன்னொரு தட்டுக்கு மாற்றுங்கள். பழைய தட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதே நோயாளியின் கட்டிசார் ஃபைப்ரோபிளாஸ்ட் பின்னால் தேவைப்படும்.

அப்புறம், தீவுகள் தெரியத் தொடங்கியதும் நீர்த்த ட்ரிப்சினோ வெறும் இடிடிஏவோ விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் முதலில் உருண்டு எழும்பும், எபிதீலியல் தீவு பிடித்துக்கொண்டு நிற்கும். எழும்பியதைக் கழுவி எடுத்துவிட்டு மீடியம் மாற்றுங்கள். சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எபிதீலியல் செல்லின் மேல் இருக்கும் எபிகேம் என்ற புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒட்டிய காந்தமணிகளாலும் பிரிக்கலாம். ஆனால் வாயில் வரும் ஸ்குவாமஸ் வகைப் புற்றில் எபிகேம் ஒரே சீராக இருக்காது. அது குறைந்த செல்களை நீங்களே வடிகட்டி வெளியே தள்ளுகிற ஆபத்து உண்டு.

---

கபிலன்_சிங்கை

சிங்கப்பூரில் தலை-கழுத்துப் புற்று ஆர்கனாய்டு (கட்டியைப் போல முப்பரிமாணமாக வளரும் செல் கொத்து) செய்கிறேன். இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, ஃபீடர், அதாவது அடியில் துணைக்கு வைக்கும் செல்கள். 1975இல் ரைன்வால்டும் கிரீனும் கதிரூட்டிய எலி 3டி3 செல்களின் மேல் மனிதத் தோல் செல்லை வளர்த்துக் காட்டினார்கள். அதே ஃபீடரோடு ஒய்-27632 என்ற ராக் தடுப்பானை (ராக் என்ற என்சைமைத் தடுக்கும் மருந்து) சேர்க்கும் முறையை, ஜார்ஜ்டவுனில் ஷ்லெகல் குழு 2012இல் வெளியிட்டது. 10 மைக்ரோமோலார் போதும். தனித்துப் போன எபிதீலியல் செல் தன்னை அழித்துக்கொள்ளும் என்று மருதன் அண்ணா சொன்னாரே, அதைத் தடுக்கிற மருந்து இது. தட்டில் போடும் முதல் நாளே சேருங்கள்.

இரண்டாவது, மேட்ரிஜெல் என்ற புரதக் கூழில் முப்பரிமாணமாக வளர்ப்பது. சாட்டோவும் கிளெவர்ஸும் 2009இல் எலிக் குடலில் தொடங்கியது. 2019இல் உட்ரெக்ட் குழு தலை-கழுத்துப் புற்றில் 31 ஆர்கனாய்டு வரிசைகளை உண்டாக்கியது, வெற்றி விகிதம் சுமார் 60 சதவீதம். மேட்ரிஜெல்லில் ஃபைப்ரோபிளாஸ்ட் அதிகம் பெருகாது, உங்கள் தலைவலி பாதி குறையும். செலவு கூடும்.

ஆனால் எச்சரிக்கை: இரண்டு வழியிலும் இயல்பான எபிதீலியமும் அருமையாக வளரும். சில சமயம் புற்றைவிட வேகமாக. தட்டு நிறைந்துவிட்டது என்று கொண்டாடிவிட்டு, டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பார்த்தால் புற்று மாற்றம் ஒன்றுகூட இல்லை என்பது இந்தத் துறையில் பலரும் பார்த்த நிலைமைதான்.

---

தேன்மொழி

மன்னிக்கவும், நான் ஆய்வாளர் இல்லை. அம்மாவுக்கு நாக்கில் புற்று. அறுவைக்கு முன் ஒரு படிவத்தில், எடுக்கும் திசுவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார்கள். அம்மா யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். இங்கே படிக்கும்போதுதான் அது எங்கே போகும் என்று புரிகிறது. அந்தச் செல்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? எங்களிடம் யாராவது சொல்வார்களா?

---

நோயியல்மேசை

தேன்மொழி, மன்னிப்பெல்லாம் எதற்கு? இந்த இழையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான்.

பெரும்பாலான செல்கள் சில வாரங்கள், சில மாதங்களில் பிரிவதை நிறுத்திவிடும். மிகச் சிலவே வரிசையாக நிலைத்து, உறைய வைத்தும் எழுப்பியும் பல பத்தாண்டு வாழும். ஹீலா அப்படித்தான். ஹென்ரியட்டா லாக்ஸ் 1951 அக்டோபரில் இறந்தார், அவர் கட்டியின் செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. அவரிடம் யாரும் கேட்கவில்லை. குடும்பத்துக்கு இருபது ஆண்டுக்கு மேல் தெரியவே தெரியாது. அவர் வாரிசுகளுக்கும் ஒரு பெரிய நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது 2023இல்தான்.

இப்போது நம் நாட்டில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள் இருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இல்லாமல் திசுவைத் தொடக்கூடாது. அம்மா எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அதனால் அவர் சிகிச்சையில் எந்த மாற்றமும் வரக்கூடாது. படிவத்தின் நகல் கேட்டு வாங்குங்கள். யாரைத் தொடர்புகொள்வது என்று அதில் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அம்மா நலம் பெற வேண்டும்.

அல்லிக்கும் மற்ற மாணவர்களுக்கும்: ஒப்புதல் வாங்கும்போது "ஆராய்ச்சி" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். செல்கள் வளர்க்கப்படும், நீண்டகாலம் உறைநிலையில் இருக்கலாம், மரபணு படிக்கப்படும், வேறு ஆய்வகத்துக்குப் போகலாம் என்பதை நோயாளி புரிந்துகொள்ளும் தமிழில், உட்கார்ந்து சொல்லுங்கள்.

---

தேன்மொழி

நன்றி டாக்டர். நாளைக்கே நகல் கேட்கிறேன்.

---

மருதன்

கபிலன் எழுப்பிய விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் சரியாக வந்தபிறகும் ஆய்வு வீணாவது இங்கேதான்.

வளர்ந்தது என்ன என்று நிரூபிக்க வேண்டும். சைட்டோகெராட்டின் என்ற புரதத்தை நிறமேற்றினால் எபிதீலியம் என்று தெரியும், புற்று என்று தெரியாது. வைமென்டின் என்ற புரதம் வந்தால் ஃபைப்ரோபிளாஸ்ட் என்று முடிவு கட்டவும் முடியாது. தட்டில் வளரும் எபிதீலியல் செல்லும் அதைக் காட்டும். மரபணுதான் சாட்சி. ஹெச்பிவி வைரஸ் இல்லாத வாய்ப்புற்றுகளில் பெரும்பாலானவற்றில் டிபி53 என்ற புற்றுத் தடுப்பு மரபணுவில் மாற்றம் இருக்கும். மூலக் கட்டியில் இருந்த அதே மாற்றம் கல்ச்சரிலும் இருக்கிறதா? ரத்தத்தில் அது இல்லாமல் இருக்கிறதா? இரண்டையும் பார்க்க வேண்டும்.

அதற்குத் திசு வந்த நாளிலேயே எடுத்து வைக்க வேண்டியவை: மேடம் சொன்ன பிளாக், டிஎன்ஏவுக்கு உறைய வைத்த ஒரு சிறு துண்டு, நோயாளியின் கொஞ்சம் ரத்தம். முழுத்துண்டையும் கொலாஜினேஸில் போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒப்பிட ஒன்றும் இருக்காது. துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இதற்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கரையுங்கள்.

எஸ்டிஆர் விவரமும் (செல் யாருடையது என்று காட்டும் டிஎன்ஏ அடையாளம்) எடுங்கள், தொடக்கப் பாசேஜிலேயே (செல்லைப் பிரித்துத் தட்டு மாற்றும் முதல் சுற்றுகளில்). 1955இல் வாய்ப்புற்று என்று வெளிவந்த கேபி வரிசை உண்மையில் ஹீலா என்று 1960களிலேயே கார்ட்லர் என்சைம் வகையை வைத்துக் காட்டிவிட்டார். ஆனாலும் கேபியை வாய்ப்புற்று மாதிரி என்று எழுதும் கட்டுரைகள் நம் நாட்டிலிருந்து இன்றும் வருகின்றன. கர்ப்பப்பை வாய்ப்புற்றில் மருந்தைச் சோதித்துவிட்டு வாய்ப்புற்று நோயாளிக்குப் பலன் என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் பெரும் வருத்தம் உண்டு. இத்தனைக்கும் நம் நோயாளிகளின் வாய்ப்புற்றிலிருந்தே எடுத்த வரிசைகளை பம்பாய் கேன்சர் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் குழு 1990இலேயே வெளியிட்டிருக்கிறது. தவறான வரிசைகளின் சர்வதேசப் பட்டியலில் 500க்கும் மேல் இருக்கின்றன. பட்டியலைப் பார்க்காமல் எந்த வரிசையையும் வாங்காதீர்கள்.

ஒரே ஹூடில் ஒரே நேரத்தில் இரண்டு செல் வகையைத் திறக்காதீர்கள். மீடியம் புட்டி ஒவ்வொரு நோயாளிக்கும் தனி. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவுக்குப் பிசிஆர் சோதனை மாதாமாதம். அது மீடியத்தைக் கலக்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

---

அல்லி

புதுத் திசு வந்தது. ரத்தம், உறைந்த துண்டு, பிளாக் மூன்றும் முதலில் எடுத்து வைத்தேன். ஹாங்க்ஸ் கரைசலில் கொலாஜினேஸ், ஹயலூரானிடேஸ், டிஎன்ஏஸ். நூல் இழுக்கவே இல்லை. இரண்டாம் சுற்றில்தான் கொத்துகள் அதிகம் வந்தன. வலையில் தங்கியதை ராக் தடுப்பானோடு கதிரூட்டிய 3டி3 மேல் போட்டேன். நெய்தல் சொன்னபடி நறுக்கும்போது உதிர்ந்ததையும் தனிக் கிணற்றில் வைத்தேன். இரண்டிலும் தீவுகள் ஒட்டியிருக்கின்றன, உதிர்ந்ததில் ஃபைப்ரோபிளாஸ்ட் கண்ணுக்கே தெரியவில்லை. இதுவரை ஈஸ்ட் இல்லை.

டிபி53 முடிவு வரும்வரை காத்திருக்கலாமா, இப்போதே பிரித்துப் பெருக்கலாமா?

---

கபிலன்_சிங்கை

காத்திருக்க வேண்டாம். முதல் முறை பிரிக்கும்போதே பாதியை உறைய வைத்துவிடுங்கள்: 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்), நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்குமாறு. பாசேஜ் கூடக்கூட வேகமாகப் பிரியும் செல்கள் மட்டுமே மிஞ்சும், நோயாளியின் கட்டியில் இருந்த கலவை மாறிவிடும். மீதியை வளர்த்து டிஎன்ஏ எடுங்கள். 3டி3 ஃபீடரின் எலி டிஎன்ஏவும் கூடவே வரும், அதனால் மனித டிஎன்ஏ வரிசைக்கு மட்டும் பொருந்தும் ப்ரைமர் பயன்படுத்துங்கள்.

---

நெய்தல்

உதிர்ந்த கிணற்றையும் கரைத்தெடுத்த கிணற்றையும் கலக்காமல் இரண்டு வரிசையாகவே கொண்டுபோங்கள், அல்லி. ஒரே கட்டியிலிருந்து வந்த இரண்டிலும் டிபி53 எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.